தண்ணீர்த் தடம் – 17: திகனயில் தொடங்கிய கிளைக்கதை

விக்டோரியா அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கத் தொடங்கியது 1984 இல். அதுவரை கண்டியிலிருந்து மகியங்கனைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெல்தெனிய என்றால் இறங்கி ஒரு தேநீர் குடிக்கிற ஊர். அதன் கடைத்தெருவும் வீடுகளும் வயல்களும் கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குள் போயின. மேட்டில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. இன்றைக்கும் வரட்சி கடுமையாகி நீர்மட்டம் இறங்குகிற ஆண்டுகளில் பழைய கட்டடங்களின் சுவர்கள் சேற்றோடு வெளியே தெரியும். சனம் பிள்ளைகுட்டிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வரும்.

கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் திகோல் வெல என்ற வயற்பரப்பை மூழ்கடித்துக் கண்டி வாவியைக் கட்டிய கதையைப் போன இதழில் பார்த்தோம். 1812 இல் முடிந்த அந்த வேலைக்கு ராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லா உழைப்பு கிடைத்தது. விக்டோரியாவுக்குப் பிரித்தானிய உதவிப் பணம் கிடைத்தது. 122 மீற்றர் உயர அணை. 1985 ஏப்ரலில் திறப்பு விழாவுக்கு மார்கரட் தட்சரே வந்து நின்றார். வயலை மூடி நீரைத் தேக்குவது கண்டிக்குப் புதிதல்ல, அளவுதான் புதிது.

ஆனால் இந்த இதழின் கதை அணையைப் பற்றியதல்ல. அதே 1984 இல் அந்த நீர்த்தேக்கத்துக்கு அருகே, திகனயில் கடை விரித்த ஒரு சர்வதேச நிறுவனத்தைப் பற்றியது. சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவகம் என்று அதற்குப் பெயர். அதன் கடிதத் தலைப்பில் 'திகன கிராமம், கண்டி வழி' என்றுதான் முகவரி இருந்தது. ஆசியா எங்கும் அணைகளும் வாய்க்கால்களும் கட்டிக் குவித்தாகிவிட்டது, இருந்தும் கடைமடை விவசாயிக்கு ஏன் தண்ணீர் போய்ச் சேரவில்லை? அந்த நிறுவகம் பிறந்தது இந்தக் கேள்விக்காக. பொறியியலாளர்கள், விவசாயப் பொருளியலாளர்கள், சமூகவியலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். வாய்க்காலில் நீர் அளந்தார்கள், மதகு திறக்கிறவரோடு பேசினார்கள், முறைத் தண்ணீரில் நடக்கும் சண்டைகளைக் குறித்துக்கொண்டார்கள். சதுப்பும் பறவையும் அவர்களுடைய பாடத்தில் இல்லை. வாய்க்காலின் கடைசிக் கல்லோடு அவர்களுடைய வரைபடம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் வடிந்து போகிற நீர் வீண்போன நீர். எந்த நீர்ப்பாசனப் பொறியியலாளரும் அப்போது அப்படித்தான் நினைத்தார்.

இருபத்தோர் ஆண்டு கழித்து இதே நிறுவகம், உலக ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சமவாயத்தின் அதிகாரபூர்வப் பங்காளிகளில் ஒன்றாக அமர்ந்தது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்ச நேரம் கண்டியை விட்டு வெளியே போக வேண்டும்.

ராம்சார் வலையமைப்பைத் தொடங்கியவர்கள் வாத்துப் பிரியர்கள். கேலியாகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் போருக்குப் பின் சதுப்புகளை வடித்து விளைநிலமாக்கும் வேகத்தில் காட்டு வாத்துகளும் நாரைகளும் குறைந்துபோனதை முதலில் கவனித்தவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு, பறவை ஆய்வாளர்களும் உண்டு. பறவைக்கு எல்லைக்கோடு கிடையாது. சைபீரியாவில் குஞ்சு பொரித்து, காஸ்பியன் கரையில் இளைப்பாறி, ஆபிரிக்காவிலோ தென்னாசியாவிலோ குளிர்காலத்தைக் கழிக்கும் ஒரு கூட்டத்தை ஒரு நாடு மட்டும் காப்பாற்ற முடியாது. மருந்துக் கம்பனிக் குடும்பத்தில் பிறந்த சுவிஸ்காரர் லூக் ஹொஃப்மன், பிரான்சின் கமார்க் சதுப்புநிலத்தில் 1954 இல் ஓர் ஆய்வு நிலையம் நிறுவியிருந்தார். 1962 இல் அவர் முன்னின்று கூட்டிய மாநாட்டில்தான் ஈரநிலங்களுக்கென ஒரு சர்வதேச உடன்படிக்கை வேண்டும் என்ற பேச்சு உறுதியாக எழுந்தது. பேச்சு உடன்படிக்கையாக எட்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பனிப்போர்க் காலம். அந்தப் பேச்சைத் தொடர்ந்த லெனின்கிராட் கூட்டம் 1968 செப்டெம்பரில் வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்திருந்தன. வாத்துக்காக ஒரே மேசையில் உட்கார வேண்டியவர்கள் எந்த மனநிலையில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் ஈரானின் காஸ்பியன் கரையோர ஊரான ராம்சாரில், 1971 பெப்ரவரி 2 இல் வாசகம் முடிவாகி, மறுநாள் 18 நாடுகளின் பிரதிநிதிகள் கையொப்பமிட்டார்கள். 1975 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

சமவாயம் ஈரநிலத்துக்கு எல்லை வகுத்த விதம் சுவாரசியமானது. சேறு, சதுப்பு, முற்றாச் சதுப்பு, நீர்ப்பரப்பு எல்லாம் அடக்கம்; இயற்கையானாலும் சரி, மனிதர் கட்டியதானாலும் சரி; நிரந்தரமோ தற்காலிகமோ, ஓடுவதோ தேங்குவதோ, நன்னீரோ உவரோ; கடலிலும் நீர் வற்றும்போது ஆறு மீற்றர் ஆழம் வரை. இப்படி விரித்துப் போட்டால் எது மிஞ்சும்? கண்டி வாவி ஈரநிலம். அதற்கு முன் அங்கே இருந்த வயலும் ஈரநிலம். 2008 இல் கொரியாவின் சாங்வொனில் கூடிய மாநாடு நெல்வயலை ஈரநிலம் என்று தனித் தீர்மானமே நிறைவேற்றியது. விக்டோரியாவும் ஈரநிலம். அது விழுங்கிய மகாவலிக் கரையும் ஈரநிலம்.

வாசகம் அகலமாக இருக்கிறது, கை மட்டும் குட்டையானது. சேருகிற நாடு குறைந்தது ஓர் இடத்தையாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தன் ஈரநிலங்கள் அனைத்தையும் புத்தியோடு பயன்படுத்துவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ள இடம் கெட்டுப்போனால் தானே அறிவிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கொரு முறை எல்லா நாடுகளும் கூடும். மற்றபடி பொலிஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, தண்டப்பணம் இல்லை. 'அவசரத் தேசிய நலன்' என்று காரணம் காட்டி ஒரு நாடு தன் இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கவும் கூடும், ஈடாக வேறிடம் காட்ட முயல வேண்டும் அவ்வளவுதான். செயலகம் சுவிட்சர்லாந்தின் கிளான்ட் என்ற சிற்றூரில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கட்டடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் உறுப்பும் அல்ல. 170 க்கு மேற்பட்ட நாடுகளும் 2,400 க்கு மேற்பட்ட இடங்களும் கொண்ட ஒரு பெரிய காரியத்தை நடத்துகிறவர்கள் ஒரு நடுத்தரப் பாடசாலையின் ஆசிரியர் தொகைகூட இருக்கமாட்டார்கள்.

அவர்களிடம் உள்ள ஒரே ஆயுதம் மானம் என்பது என் எண்ணம். பட்டியலில் பெயர் வருவது பெருமை. கெட்டுவரும் இடங்களுக்கென்றே மொன்த்ரே பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அதில் பெயர் ஏறினால் சிறுமை. ஒடிசாவின் சிலிகா ஏரி 1993 இல் அதில் ஏறியது. மண் படிந்து, முகத்துவாரம் அடைபட்டு, உவர்ப்புக் குறைந்து, மீனும் இறாலும் விழுந்து போயிருந்தன. 2000 ஆம் ஆண்டு கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். உப்பு திரும்பியது, மீன் திரும்பியது, 2002 இல் பெயர் பதிவேட்டிலிருந்து இறங்கியது, கூடவே ராம்சார் விருதும் கிடைத்தது. எல்லா இடத்திலும் இது பலிப்பதில்லை. மணிப்பூரின் லோக்டாக் அதே 1993 இல் ஏறியது, இறங்கவில்லை.

செயலகம் சிறிதென்பதால் வேலையைத் தோள்கொடுத்துச் செய்ய வெளி அமைப்புகள் தேவைப்படுகின்றன. பறவைக் கணக்கெடுப்பு அப்படியொன்று. 1987 முதல் ஒவ்வொரு சனவரியும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; இன்று அதை இணைப்பது, 1995 இல் மூன்று அமைப்புகள் ஒன்றாகிப் பிறந்த வெட்லாண்ட்ஸ் இன்டர்நேஷனல். இலங்கையில் 1943 இல் தொடங்கிய சிலோன் பறவைக் கழகத்துக்கு அதில் நெடுங்காலப் பங்குண்டு. எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாதவர்கள். விடிகாலையில் சேற்றுக்கரையில் தொலைநோக்கியோடு நின்று, கலைந்து கலைந்து எழும் கூட்டத்தில் முதலில் ஒரு பத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவால் நூறாக, ஆயிரமாக அளந்துகொண்டு போவார்கள். ஒரு பருந்து வந்தால் போதும், எண்ணியதெல்லாம் வானத்தில், மறுபடி முதலிலிருந்து. இந்தக் கணக்குத்தான் பிறகு கிளான்டில் எடை போடும் படிக்கல். ஓரிடத்தில் 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகக் கூடினாலோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே தங்கினாலோ பட்டியலுக்குத் தகுதி. மீனுக்கும் அரிய உயிரினங்களுக்கும் வேறு அளவைகள் உண்டு, எல்லாம் சேர்த்து ஒன்பது.

இலங்கைக்குள் சமவாயம் வந்தது 1990 ஒக்டோபரில். காட்டிய இடம் அம்பாந்தோட்டைக் கரையின் புந்தல. உவர்க் களப்புகள், மணல்மேடு, முட்காடு, வருடாவருடம் வந்திறங்கிய பூநாரைகள். ஆனால் புந்தலவைப் பட்டியலில் ஏற்றியபோதே அதன் உப்பு கரைந்துகொண்டிருந்தது. 1980களில் கிரிந்தி ஓயாவை லுணுகம்வெஹெரவில் மறித்து, பெரிய நீர்ப்பாசனக் குடியேற்றம் அமைத்திருந்தார்கள். வயல்களில் பாய்ந்து மிஞ்சிய நீர் எங்கே போகும்? பள்ளத்துக்கு. பள்ளத்தில் எம்பிலிகல களப்பும் மலல களப்பும் இருந்தன. உரமும் நாசினியும் கலந்த நன்னீர் உவர்க் களப்புக்குள் ஆண்டுதோறும் வடிந்தது. இறால் குறைந்தது. பூநாரை தின்னும் நுண்ணுயிர்கள் குறைந்தன. நீர் பெருகினால் கரையோரத்தார் மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு விட்டார்கள், அப்போது களப்பு ஒரேயடியாக வற்றியது. காட்டுக்குள் யாரும் மரம் வெட்டவில்லை. பறவையை யாரும் சுடவில்லை. வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்கு வெளியே, நல்ல எண்ணத்தோடு, ஏழை விவசாயிக்குத் தண்ணீர் கொடுத்ததால் நடந்த கேடு அது. சிலிகாவில் உப்பைக் கொண்டுவரக் கடலை வெட்டித் திறந்தால் போதுமாயிருந்தது. புந்தலவில் தண்ணீரை நிறுத்த வேண்டுமானால் மேலே உள்ள வயல்காரனிடம் பேச வேண்டும்.

வயல்காரனிடம் பேசத் தெரிந்தவர்கள் யார்? திகனக்காரர்கள். அவர்கள் அதற்குள் கண்டியை விட்டுக் கொழும்புக்கு, பெலவத்தைக்கு, இடம் மாறியிருந்தார்கள். கிரிந்தி ஓயாத் திட்டத்தில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. நீர் எப்படிப் பகிரப்படுகிறது என்று அங்கே ஆராய்ந்தவர்களுக்கு, வடிகால் எங்கே போகிறது என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. 1998 இல் புந்தல களப்புகளின் நீரின் தரம் பற்றித் தங்கள் இடத்திலேயே ஒரு செயலமர்வு வைத்தார்கள். நிறுவகத்தின் பெயரிலிருந்து நீர்ப்பாசனம் விழுந்து, சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் என்று ஆனதும் அதே ஆண்டில்தான். 2005 இல் கம்பாலாவில் கூடிய ராம்சார் மாநாட்டில் அது பங்காளி அமைப்பாக ஏற்கப்பட்டது. அதன் முன்னெடுப்பில் 2007 இல் வெளிவந்த, உலக விவசாய நீர்ப் பாவனை பற்றிய பெரிய மதிப்பீடு, ஈரநிலச் சிதைவில் விவசாயத்தின் பங்கை மூடி மறைக்கவில்லை. அணை கட்டி வாய்க்கால் வெட்டிய தலைமுறையின் வாரிசுகள் இதை எழுதினார்கள் என்பது இந்தத் தொடரில் நான் விரும்பிச் சொல்லும் செய்திகளில் ஒன்று.

இதற்கிடையே பறவைக்காரர்களின் பேச்சும் மாறியிருந்தது. ஆரம்பத்திலிருந்தே சமவாயத்தின் முழுப் பெயரில் நீர்ப்பறவையின் வாழிடம் என்று இருக்கிறது. ஆனால் வெள்ளத்தில் வீடு போனவனிடம் வாத்தைப் பற்றிப் பேசினால் கேட்பானா? 1997 முதல் பெப்ரவரி 2 ஐ உலக ஈரநில நாள் என்று கொண்டாடத் தொடங்கினார்கள். 1999 இல் கொஸ்தாரிக்காவின் சான் ஹொசேயில், மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே தனி வேலைத்திட்டம் வகுத்தார்கள். ஆண்டுக்கொரு தலைப்பு: ஓராண்டு மீன், ஓராண்டு விவசாயம், ஓராண்டு பேரிடர், 2018 இல் நகரம். கிளான்டில் சுவரொட்டியும் படங்களும் செய்து, திருத்தக்கூடிய கோப்புகளாக விட்டுவிடுவார்கள். அந்தந்த நாடு தன் மொழியைப் போட்டு அச்சடித்துக்கொள்ளலாம். செலவுக்கு நெடுங்காலம் கைகொடுத்தது எவியன் தண்ணீர்ப் போத்தல் விற்கும் பிரெஞ்சுக் கம்பனி டனோன். ஊற்றைப் போத்தலில் அடைப்பவர் சதுப்பைக் காக்கப் பணம் தருவதில் உள்ள முரண் உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது, கிளான்டுக்கும் தெரியாமல் இராது. 2021 ஓகஸ்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே அந்த நாளை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் பாடசாலைகளும் அந்த நாளில் சித்திரப் போட்டியும் கருத்தரங்கும் நடத்துகின்றன. எனக்குச் சித்திரப் போட்டிகளில் பெரிய நம்பிக்கை கிடையாது. பிள்ளைகள் எல்லோரும் கொக்கையும் தாமரையையும் வரைகிறார்கள். வடிகானை யாரும் வரைவதில்லை. ஆனால் நகரத்தைத் தொட்ட பிறகு இந்தப் பிரசாரத்துக்குப் பல் முளைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2010 வெள்ளத்தில் கொழும்பு மூழ்கியபின், நகரைச் சூழ்ந்த சதுப்பு எவ்வளவு நீரை வாங்கிக்கொள்கிறது என்று கணக்குப் பார்த்தார்கள். நிரப்பிக் காணியாக விற்றதன் விலை அப்போது தெரிந்தது. 2018 இல் டுபாயில் ராம்சார் முதன்முதலாக ஈரநில நகர் என்று அங்கீகரித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று.

கண்டி? இலங்கையின் ராம்சார் இடங்கள் ஆறு: புந்தல, ஆனைவிழுந்தான், மாது கங்கை, வங்காலை, குமண, வில்பத்து. எல்லாம் கரையோரமும் சமவெளியும். மலைநாட்டில் ஒன்றுகூட இல்லை. மனிதர் கட்டியது என்பதால் கண்டி வாவி விடுபட்டது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் புத்தளம் மாவட்டத்தின் ஆனைவிழுந்தான் பழங்காலத்தார் தொடராகக் கட்டிய குளங்கள்தாம். தலதா மாளிகையோடு சேர்ந்த நகரம் 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது, அது கல்லுக்கும் வழிபாட்டுக்கும் கிடைத்த பட்டம். தண்ணீருக்கு ஒன்றும் இல்லை.

மாலையில் வாவியைச் சுற்றி நடக்கிறவர்களுக்கு இந்த ஈரநிலம் தலையில் விழும் செய்தி. கரையோரத்துப் பெரிய மாரா மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக அடைகின்றன. கீழே நடைபாதை வெள்ளையாகிக் கிடக்கிறது. கிளையை வெட்டு என்று ஒரு சாரார், பறவையை விடு என்று ஒரு சாரார். கபரக்கொய்யா ஒன்று சாவகாசமாக நீந்தி வந்து கைப்பிடிச் சுவருக்குக் கீழே படுக்கும், உல்லாசப் பயணிகள் படம் எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கம் வேறு. 1999 இல் வாவி முழுவதும் பச்சையாகத் தடித்துப் போயிற்று. மைக்ரோசிஸ்டிஸ் என்ற, நஞ்சு சுரக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி. சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் வீடும் விடுதியும் பெருக, கழிவுநீரோடு இறங்கிய ஊட்டச்சத்துத்தான் அதற்குத் தீனி. வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்ற கால்வாயாக நகரின் முதுகுப்புறமாக ஓடி, போகிற வழியில் ஊரின் அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு, கெட்டம்பேப் பக்கம் மகாவலியில் விழுகிறது. ஜப்பானியக் கடனுதவியோடு கன்னொறுவையில் அமைந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இந்தச் சுமையை இறக்கத்தான்.

பட்டியலின் குறை எனக்கு இங்கேதான் தென்படுகிறது. பட்டியல் இடத்தைக் காக்கிறது, தண்ணீரோ ஓரிடத்தில் நிற்பதில்லை. கண்டியைச் சுற்றி வளைந்து போகும் மகாவலி, பொலன்னறுவைக்குக் கீழே சமவெளியில் பரவும்போது இருமருங்கும் வில்லுகளை உண்டாக்குகிறது. வெள்ளத்தில் நிரம்பிக் கோடையில் புல்வெளியாகும் ஆழமற்ற நீர்நிலைகள் அவை. யானைக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் வரட்சிக் காலத்துச் சோறு. ஹந்தபான் வில்லு, பெந்திய வில்லு என்று பெயர் பெற்றவை உண்டு. 1984 இல் வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்கா என்று அறிவித்துச் சுற்றிலும் எல்லை போட்டார்கள். வில்லுக்கு வேண்டியது எல்லை அல்ல, வெள்ளம். அதே ஆண்டில் மேலே விக்டோரியா அந்த வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

அதற்கும் முன்னரே 1976 இல், கண்டி நகரின் வாசலில் உள்ள பொல்கொல்லையில் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெலவுக்கும் அப்பால் வறண்ட வடமத்திக்கும் நீரைத் திருப்பிவிட்டார்கள். இன்று ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் மகாவலி அதிகாரசபையின் நீர் முகாமைத்துவக் கூட்டத்தில், எந்த மதகில் எவ்வளவு விடுவது என்று பங்கு பிரிக்கிறார்கள். மின்சாரத்துக்காகப் பேச ஆள் உண்டு, நெல்லுக்காகப் பேச ஆள் உண்டு. வில்லுக்காக ஒரு நாற்காலி போட ராம்சார் பட்டியல் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. திகனயில் தொடங்கிய நிறுவகத்தார் புந்தலவில் பெற்ற பாடத்தைப் பொல்கொல்லை மதகுக்குக் கொண்டுவர முடியுமா என்பதற்கு, அந்த மதகு எப்படிக் கட்டப்பட்டது, யாரோடு சண்டை பிடித்து என்று தெரிய வேண்டும். அடுத்த இதழில் பொல்கொல்லைக்குப் போவோம்.

(தொடரும்)